ஒரே சேஸிஸ், ஆறு பாடி!

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்)



மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் வந்து "நீயும் ஏதாவது எழுதிக் கொடுடா" என்று கேட்டபோது, கவிதை எல்லாம் எனக்கு வராது என்று கையை விரித்துவிட்டேன். கட்டுரையாவது கொடு என்றான். எதைப் பற்றி எழுதுவது? மழைநீர் சேகரிப்பைப் பற்றி சிவில் துறையில் ஏற்கெனவே மூன்று பேர் எழுதிவிட்டார்களாம். "ராத்திரி பூரா ஹாஸ்டல்ல எதைப் பத்தி கத்திக்கிட்டு இருக்கீங்களோ அதையே எழுதுடா" என்று சொல்லிவிட்டுப் போனான். அதனால்தான் இந்தக் கட்டுரை. பொறுத்தருள்க!

நாங்கள் கத்திக்கொண்டிருந்தது பேட்மேனைப் பற்றி. எந்த டைரக்டர் எடுத்த பேட்மேன் சரியான பேட்மேன் என்பதுதான் சண்டை. ஒருவன் கிறிஸ்டோபர் நோலன் கட்சி. இன்னொருவன் 2022-ல் வந்த புதுப் படத்தின் கட்சி. பழைய படம்தான் படம் என்று மூன்றாவது ஆள் ஒருவன். மணி பன்னிரண்டு ஆகியும் முடியவில்லை. அதுவரை பேசாமல் படுத்திருந்த எலக்ட்ரிகல் நண்பன் போர்வையை விலக்கி, "எந்தப் பேட்மேனா இருந்தா என்னடா? அவங்கப்பன் சொத்து எங்கிட்ட இருந்தா நானும்தான் பேட்மேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி போர்த்திக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். விளக்கையும் அணைத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. அவன் சொன்னது உண்மைதானே? பறக்கும் சக்தியோ, சிலந்தி கடித்து வந்த சக்தியோ பேட்மேனிடம் கிடையாது. அவனிடம் இருப்பது உடற்பயிற்சி, மூளை, அப்பா விட்டுப்போன பணம். இந்த மூன்றில் முதல் இரண்டை நாமும் முயற்சி செய்யலாம்!

இதை யோசிக்க யோசிக்க எனக்கு எங்கள் அப்பா வேலை செய்யும் பட்டறைதான் ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் கரூர். பஸ்ஸுக்கு பாடி கட்டுவதில் கரூர் பெயர் பெற்ற ஊர் என்பது பலருக்கும் தெரிந்திருக்கும். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸ்தான் வரும். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், ஸ்டியரிங், டிரைவர் உட்கார ஒரு தற்காலிக சீட், அவ்வளவுதான். கூரை கிடையாது, கண்ணாடி கிடையாது. அந்த எலும்புக்கூட்டை வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்து பட்டறையில் விடுவார்கள். அதன் மேல் தூண் நிறுத்தி, வளைவு போட்டு, தகடு அடித்து, பெயின்ட் அடித்து பஸ்ஸாக்கி அனுப்புவது பட்டறையின் வேலை. ஒரே கம்பெனி, ஒரே மாடல் சேஸிஸ் இரண்டு பட்டறைக்குப் போனால் இரண்டு பஸ் மாதிரியா வெளியே வரும்? ஒன்று டவுன் பஸ், இன்னொன்று சொகுசுப் பேருந்து. அப்பா இருபது வருஷமாக வெல்டர். பஸ்ஸில் ஏறினால் கூரையின் வளைவைத் தட்டிப் பார்த்தே எந்தப் பட்டறை வண்டி என்று சொல்லிவிடுவார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான்.

காமிக்ஸ் என்பது சேஸிஸ், சினிமா டைரக்டர் பாடி கட்டுகிறவர் என்று வைத்துக்கொண்டு பாருங்கள். எங்கள் ஹாஸ்டல் சண்டை பாதி தீர்ந்துவிடும்.

முதலில் சேஸிஸைப் பார்த்துவிடுவோம். 1939-ஆம் ஆண்டு மே மாதத்து 'டிடெக்டிவ் காமிக்ஸ்' 27-ஆம் இதழில் பேட்மேன் முதன்முதலாக வந்தார். உருவாக்கியவர் பாப் கேன் என்ற ஓவியர் என்றுதான் ரொம்ப காலம் அச்சிட்டு வந்தார்கள். உண்மையில் அவருடன் சேர்ந்து வேலை செய்தவர் பில் ஃபிங்கர் என்ற எழுத்தாளர். பாப் கேன் முதலில் வரைந்த உருவத்துக்கு சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி, முதுகில் விறைப்பான இறக்கை. அதைப் பார்த்த ஃபிங்கர்தான் காது வைத்த முழு முகமூடி போடு, இறக்கையை எடுத்துவிட்டு மேலங்கி போடு, கையுறை போடு, சிவப்பு வேண்டாம் என்றெல்லாம் யோசனை சொன்னவர். புரூஸ் வெய்ன் என்ற பெயர், கோதம் சிட்டி என்ற ஊரின் பெயர் எல்லாம் அவர் வைத்தவைதான். ஆனால் பெயர் போட்டுக்கொண்டது ஒருவர் மட்டும். ஃபிங்கர் 1974-ல் இறந்துபோனார். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அதே 1939-ல் 33-ஆம் இதழில் மூலக்கதை வந்தது. பணக்கார டாக்டர் குடும்பம். இரவு சினிமா பார்த்துவிட்டு வருகிறார்கள். சந்தில் ஒரு திருடன் அப்பாவையும் அம்மாவையும் சுட்டுவிடுகிறான். சின்னப் பையன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தப் பையன் வளர்ந்து, வௌவால் வேஷம் போட்டு, இரவில் குற்றவாளிகளைப் பிடிக்கிறான். உடன் ஆல்ஃபிரட் என்ற வேலைக்காரர், வீட்டுக்கு அடியில் குகை, ஒரு கார். பிற்காலத்தில் சேர்ந்ததும் உண்டு, கழிந்ததும் உண்டு. ஆரம்ப காலக் கதைகள் சிலவற்றில் பேட்மேன் துப்பாக்கி கூட வைத்திருந்தார்! ஆனால் சந்து, பணம், குகை, கார் என்ற நான்கும் சேஸிஸோடு வந்த பாகங்கள். இவற்றை ஒவ்வொருவரும் என்ன செய்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

1943-லும் 1949-லும் பதினைந்து பதினைந்து பாகமாகத் தொடர்படங்கள் வந்தன. அவற்றில் பேட்மேனுக்கென்று தனியாக வண்டி கூடக் கிடையாது, சாதாரணக் கார்தான். முதல் முழுநீளப் படம் 1966-ல். இயக்கியவர் லெஸ்லி மார்ட்டின்சன். ஆடம் வெஸ்ட் நடித்த டெலிவிஷன் தொடர் சக்கைப்போடு போட்ட வருஷம் அது. இன்று அதைப் பார்த்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். ஹெலிகாப்டரில் தொங்கும் பேட்மேன் காலைச் சுறா கவ்விக்கொள்கிறது. மேலேயிருந்து ராபின் சுறாவை விரட்டும் ஸ்ப்ரே டப்பாவை எடுத்துத் தருகிறார்! இன்னொரு காட்சியில் வெடிக்கப்போகும் குண்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு கடற்கரை மேடையில் ஓடுகிறார். எந்தப் பக்கம் போட்டாலும் யாராவது இருக்கிறார்கள். கன்னிகாஸ்திரீகள், குழந்தை வண்டி, வாத்துக் குஞ்சுகள்! இது தெரியாமல் செய்த தப்பு இல்லை. பெரிய ஆள் ஒருவன் வௌவால் உடை போட்டுக்கொண்டு திரிந்தால் அது சிரிப்புதானே என்று தெரிந்தே கட்டிய பாடி. அந்தச் சந்து படத்தில் காட்டப்படவே இல்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவும் இல்லை. கேட்டால் சிரிப்பு போய்விடும்.

ஆனால் அந்த வண்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஃபோர்டு கம்பெனியின் 'லிங்கன் ஃப்யூச்சுரா' என்று 1955-ல் கண்காட்சிக்காகச் செய்த ஒற்றைக் கார். உற்பத்திக்குப் போகவில்லை. ஜார்ஜ் பாரிஸ் என்ற கஸ்டம் கார் பட்டறைக்காரரிடம் சும்மா கிடந்தது. தொடருக்கு வண்டி வேண்டும், புதிதாகக் கட்ட நேரமில்லை என்றபோது அதையே வெட்டி ஒட்டிக் கறுப்படித்துச் சில வாரங்களில் பேட்மொபைலாக்கிக் கொடுத்துவிட்டார். 2013-ல் அது நாற்பது லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. கண்டம் செய்யக் கிடந்த வண்டி!

அடுத்து டிம் பர்ட்டன், 1989. மைக்கேல் கீட்டன் பேட்மேன், ஜாக் நிக்கல்சன் ஜோக்கர். காமெடி நடிகரை எதற்குப் போட்டாய் என்று கீட்டனை எதிர்த்து ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். படம் வந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள். பர்ட்டன் சிரிப்பை எடுத்துவிட்டு இருட்டைப் போட்டார். லண்டனுக்கு அருகே பைன்வுட் ஸ்டுடியோவில் ஊரையே செட் போட்டார்கள். அதை வடிவமைத்த ஆண்டன் ஃபர்ஸ்ட்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பழைய கோயிலும் ஃபாக்டரியும் ஒன்றோடொன்று மோதி நிற்கிற மாதிரி ஊர். நீளமான கறுப்புக் கார். அதற்கு அடியில் இருந்தது ஷெவர்லே இம்பாலாவின் சேஸிஸ். நான் சும்மா உவமைக்குச் சொல்லவில்லை நண்பர்களே, நிஜமாகவே பாடி கட்டுகிற வேலைதான் நடந்திருக்கிறது!

பர்ட்டன் சந்தில் ஒரு பெரிய மாற்றம் செய்தார். காமிக்ஸில் பெற்றோரைச் சுட்டவன் சாதாரணத் திருடன். பர்ட்டன் படத்திலோ சுட்டவன் பிற்காலத்தில் ஜோக்கர் ஆகிறவன். 'நீ என்னை உருவாக்கினாய், நான் உன்னை உருவாக்கினேன்' என்ற கணக்கு. சினிமாவுக்கு இது நல்ல முடிச்சு, கதை ஒரே படத்தில் தொடங்கி முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு நஷ்டமும் இருக்கிறது. சுட்டவன் யாரோ ஒருவன் என்றால்தான் பேட்மேன் வாழ்நாள் முழுக்க ராத்திரி வெளியே போக வேண்டியிருக்கும். ஆளைக் கண்டுபிடித்துத் தீர்த்துவிட்டால் வேலை முடிந்ததல்லவா?

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம் வேறு. பேட்மேனின் கருவிகளைப் பார்த்து அசந்துபோன ஜோக்கர், இவனுக்கு இதெல்லாம் எங்கே கிடைக்கிறது என்று வாய்விட்டுக் கேட்பான். நல்ல கேள்வி. பர்ட்டன் பதில் சொல்லவில்லை! கடைசி வரை குகையில் வண்டி இருக்கிறது, உடை இருக்கிறது. யார் வெல்டிங் வைத்தார்கள், யார் தைத்தார்கள் என்று தெரியாது. கனவில் வரும் பொருள்களுக்கு யாரும் பில் கேட்பதில்லை.

1992-ல் பர்ட்டனே இரண்டாவது படம் எடுத்தார், 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்'. அதில் பெங்குயின் வாயிலிருந்து கறுப்பாக ஒழுகுவதையும் பூனைப் பெண்ணின் கோபத்தையும் பார்த்துப் பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள். சாப்பாட்டோடு பொம்மை கொடுத்த மெக்டொனால்ட்ஸ் கம்பெனிக்குப் புகார் போனது. அடுத்த படத்துக்கு டைரக்டர் மாறினார்.

அந்த மாறிய டைரக்டர்தான் ஜோயல் ஷூமாகர். 1995, 1997 இரண்டு படம். இவரைத் திட்டாத ரசிகர் கிடையாது. கலர் கலராக நியான் விளக்கு, ஊர் நடுவே மலை உயரச் சிலைகள், பூட்ஸுக்கு அடியில் பனிச்சறுக்குத் தகடு, பேட்மேனுக்குத் தனிக் கிரெடிட் கார்டு, மார்பில் காம்பு வைத்த ரப்பர் உடை. 1997 படம் பார்த்து ஆட்கள் நொந்துபோனதில் எட்டு வருஷம் பேட்மேன் படமே வரவில்லை. ஷூமாகரே பிற்பாடு ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2020-ல் காலமாகிவிட்டார். அவர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை. பொம்மை விற்கிற மாதிரி படம் வேண்டும் என்பது அவரை அமர்த்தியவர்களின் தேவை. பட்டறையில் இதை தினமும் பார்க்கலாம். "முன்னாடி எட்டு லைட்டு, பக்கத்துல மயிலு, உள்ளார டிஸ்கோ லைட்டு" என்று பார்ட்டி கேட்டால் பட்டறை கட்டித்தான் கொடுக்கும். அப்பா முணுமுணுத்துக்கொண்டே வெல்டு வைப்பார்.

இப்போது நோலனுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கூட நேரம் எடுத்துக்கொள்வேன், மெக்கானிக்கல் மாணவன் என்பதால் மன்னிக்கவும். 2005-ல் 'பேட்மேன் பிகின்ஸ்', 2008-ல் 'தி டார்க் நைட்', 2012-ல் 'தி டார்க் நைட் ரைசஸ்'. ஜோக்கர் 1989-ல் கேட்ட கேள்விக்கு 2005-ல் பதில் சொன்னவர் நோலன். வெய்ன் கம்பெனியின் கீழ்த்தளத்தில், மேலிடத்துக்குப் பிடிக்காமல் ஓரங்கட்டப்பட்ட லூசியஸ் ஃபாக்ஸ் என்ற பெரியவர் உட்கார்ந்திருக்கிறார். மார்கன் ஃப்ரீமன் நடித்தது. அங்கே தூசி படிந்து கிடப்பவை எல்லாம் ராணுவத்துக்காகச் செய்து, ராணுவம் வாங்காமல் விட்ட பொருள்கள். பேட்மேன் உடை என்பது ஒரு சிப்பாய்க்கான கவசம். ஒன்றுக்கு மூன்று லட்சம் டாலர் ஆகும் என்பதால் ஒரு சிப்பாய் உயிருக்கு அவ்வளவு செலவு எதற்கு என்று கணக்குப் பிள்ளைகள் ஒதுக்கிவிட்டார்கள். வண்டி என்பது ஆற்றைத் தாண்டிக் குதித்துப் பாலத்துக்கான கம்பியை இழுத்துச் செல்லச் செய்தது. பாலம் சரிவரவில்லை, வண்டி மட்டும் நன்றாக ஓடுகிறது. புரூஸ் வெய்ன் ஓட்டிப் பார்த்துவிட்டு, கறுப்பில் கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறார்.

முகமூடிக்கு வெளியே ஆர்டர் கொடுக்கிறார்கள். ஒன்று இரண்டு என்று வாங்கினால் சந்தேகம் வரும் என்று பத்தாயிரம்! முதல் லாட் வந்ததும் ஆல்ஃபிரட் ஒரு மட்டையால் ஓங்கித் தட்டுகிறார், முகமூடி உடைந்துவிடுகிறது. கிராஃபைட்டில் கோளாறு. அந்த லாட் ரிஜெக்ட்! சூப்பர் ஹீரோ படத்தில் குவாலிட்டி இன்ஸ்பெக்ஷன் பார்த்து கைதட்டியவன் இந்தக் கல்லூரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதே படத்தில் புரூஸ் வெய்ன் தானே கிரைண்டரில் வௌவால் தகட்டைத் தீட்டுவதும், கவசத்துக்குத் தானே ஸ்ப்ரே அடிப்பதும் வரும்.

சந்தில் நோலன் செய்த மாற்றம் சின்னது, ஆனால் ஆழமானது. காமிக்ஸில் குடும்பம் சினிமாவிலிருந்து வருகிறது. நோலன் அதை ஆபெரா என்னும் இசை நாடகமாக்கினார். மேடையில் வௌவால் மாதிரி உருவங்கள் ஆடுவதைப் பார்த்துப் பயந்து, "போலாம்பா" என்று பையன்தான் அப்பாவைக் கிளப்பிக்கொண்டு வருகிறான். பாதியில் எழுந்து வந்ததால்தான் அந்தச் சந்து, அந்தத் திருடன். ஆகவே தன் பயத்தால்தான் அப்பா அம்மா செத்தார்கள் என்று பையன் மனதில் பதிந்துவிடுகிறது. ஒரே ஒரு ஜாயின்டை மாற்றி முழுக் கதையின் பாரத்தையும் வேறு தூணுக்குக் கொண்டுபோய்விட்டார் மனுஷன்.

'டம்ளர்' என்ற அந்த வண்டியை போன பொங்கல் லீவில் அப்பாவுக்கு என் போனில் காட்டினேன். தமிழ் டப்பிங். கதையை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. வண்டி வந்ததும் போனைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"இதென்ன சாமி, முன்னாடி ஆக்சிலே காணோம்?"

"அதுதாங்ப்பா டிசைனு. ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல ஒண்ணும் கிடையாது. பக்கத்துக்கு ஒண்ணா கையி வந்து புடிச்சிருக்கு."

"அப்ப லோடு பூரா அந்தக் கையிலயா வரும்?" என்று கேட்டுவிட்டு, அந்த இடத்தை மூன்று முறை திருப்பிப் போட்டுப் பார்த்தார்.

அப்பா கேட்டது சரியான கேள்வி. டம்ளர் கம்ப்யூட்டரில் வரைந்த வண்டி அல்ல. நேதன் கிரௌலி என்ற கலை இயக்குநர் நோலன் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து, கடையில் விற்கும் பொம்மை மாடல்களின் பாகங்களைப் பிய்த்து ஒட்டிச் செய்த உருவம் அது. கிறிஸ் கார்போல்ட் என்பவரின் குழு அதை நிஜ வண்டியாகக் கட்டியது. 5.7 லிட்டர் வி-8 எஞ்சின், இரண்டு டன்னுக்கு மேல் எடை. படத்தில் தாவுவது நிஜமாகவே தாவியது. 2008 படத்தில் சிகாகோவின் லாசால் தெருவில் நீள டிரெயிலர் லாரி குட்டிக்கரணம் போடுமே, அதுவும் நிஜ லாரி, நிஜத் தெரு. டிரெயிலருக்கு அடியில் பிஸ்டன் வைத்துத் தூக்கி எறிந்தார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். 1989-ல் கீட்டனின் ரப்பர் முகமூடி தோளோடு சேர்ந்தது, கழுத்தைத் திருப்ப முடியாது. திரும்ப வேண்டுமானால் உடம்போடு திரும்ப வேண்டும். கீட்டன் அதையே ஒரு ஸ்டைலாக்கிவிட்டார். 2008-ல்தான் புரூஸ் வெய்ன், தலையைத் திருப்ப வேண்டும் என்று லூசியஸ் ஃபாக்ஸிடம் கேட்டு வாங்குகிறார். திருப்பலாம், ஆனால் தகடுகளுக்கு நடுவே இடைவெளி வரும், கத்தி உள்ளே போகும் என்று பெரியவர் எச்சரிக்கிறார். ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும் என்று நம் டிசைன் சார் போர்டில் எழுதுவது இதைத்தான்.

இவ்வளவு புகழ்கிறேனே, குறையே இல்லையா என்றால், உண்டு. நோலன் படத்தில் பணம் ஒரு பிரச்சினையே இல்லை. நல்ல முதலாளி, விசுவாசமான வேலைக்காரர், நேர்மையான பெரியவர் என்று மூன்று பேர் சேர்ந்தால் ஊரைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார். 2012 படத்தில் பேன் என்ற வில்லன் ஏழைகளின் பெயரைச் சொல்லிப் பணக்காரர் வீடுகளைச் சூறையாட விடுகிறான். ஆனால் அது வெறும் வேஷம் என்று முடித்துவிடுகிறார். அந்த ஊரில் நிஜமாகவே ஏழைகள் இருந்தார்களா, அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று படத்தில் தேடினேன், அதிகம் அகப்படவில்லை. அந்தப் படத்தில் வரும் பாதாளச் சிறையின் வெளிப்புறம் நம் நாட்டில் ஜோத்பூர் பக்கம் எடுத்தது என்பது கூடுதல் தகவல்.

ஜாக் ஸ்னைடரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2016-ல் 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்'. பென் ஆஃப்ளெக் நடித்தது இருபது வருஷம் உழைத்துக் களைத்த, நம்பிக்கை போன பேட்மேன். ஃபிராங்க் மில்லர் 1986-ல் எழுதி வரைந்த 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' காமிக்ஸின் சாயல் நிறைய. படம் தொடங்கும்போது சூப்பர்மேன் ஆகாயத்தில் சண்டை போட, கீழே இடிந்து விழும் கட்டடத்தை நோக்கி புரூஸ் வெய்ன் ஓடுகிறார். உள்ளே இருப்பவர்கள் அவரது கம்பெனித் தொழிலாளர்கள். அந்தப் பத்து நிமிஷம் அருமை! அதற்குப் பிறகு படம் எங்கெங்கோ போகிறது, என்னால் பின்தொடர முடியவில்லை.

டைரக்டர் மாறினால் என்ன மாறும் என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு இவருடைய அடுத்த படம் ஒரு பரிசோதனைக்கூடம். 'ஜஸ்டிஸ் லீக்' எடுத்துக்கொண்டிருந்தபோது குடும்பத்தில் நேர்ந்த இழப்பால் 2017-ல் ஸ்னைடர் விலகினார். ஜாஸ் வெடன் என்பவர் கூடுதல் காட்சிகள் எடுத்து இரண்டு மணி நேரப் படமாக முடித்தார். ரசிகர்கள் விடாமல் கேட்டதில் 2021-ல் ஸ்னைடரின் பிரதி தனியாக வந்தது. நான்கு மணி நேரம்! அதே நடிகர்கள், அதே கதை. ஒன்றில் பேட்மேன் ஜோக் அடிக்கிறார், இன்னொன்றில் பிராயச்சித்தம் தேடுகிறார். பாதி கட்டிய பஸ்ஸை வேறு பட்டறைக்கு மாற்றினால் ஒட்டிய இடம் தெரியாமல் இருக்குமா? சூப்பர்மேன் நடிகர் வேறு படத்துக்காக வளர்த்த மீசையை எடுக்கக் கூடாது என்பதால் கம்ப்யூட்டரில் அழித்தார்கள். 2017 பிரதியில் அவர் மேலுதட்டைப் பாருங்கள், புட்டி வைத்துத் தேய்த்த இடம் தெரியும்.

இனி கடைசி ஆள், மாட் ரீவ்ஸ். 2022-ல் 'தி பேட்மேன்', கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். ராபர்ட் பாட்டின்சன். வேஷம் போடத் தொடங்கி இரண்டாவது வருஷத்திலேயே இருக்கும் பேட்மேன். இதில் எல்லாம் கைவேலை. அவரே கட்டியது போன்ற கார், பின்னால் எஞ்சின் மூடியில்லாமல் தெரிகிறது. கண்ணைச் சுற்றிப் பூசிய மை வழிந்து நிற்கிறது. உயரத்திலிருந்து குதிக்கும்முன் தயங்குகிறார், குதித்தும் சரியாக இறங்கத் தெரியாமல் அடிபட்டு உருள்கிறார். முதல் வருஷம் லேத்தில் கை வைத்த நம்மை மாதிரி!

ரீவ்ஸ் படத்தில் சந்து இல்லை. அந்தக் கொலையைக் காட்டவே இல்லை. அதற்குப் பதில் அவர் செய்த காரியம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ரிட்லர் என்ற வில்லன் ஓர் அநாதை. புரூஸின் அப்பா தருமமாக அறிவித்த நிதியில் நடக்க வேண்டிய விடுதியில் வளர்ந்தவன். அப்பா செத்தபின் அந்தப் பணத்தைப் பெரிய மனிதர்களும் ரவுடிகளும் பங்குபோட்டுக்கொள்கிறார்கள். சிறையில் அவன் சொல்வான், கோபுரத்தின் உச்சியில் இருந்துகொண்டு எங்களைப் பார்த்த புரூஸ் வெய்னுக்காக ஊரே அழுதது, அவனா அநாதை? ஒரே அறையில் முப்பது பிள்ளைகள், விரலைக் கடிக்கும் எலி, ஒவ்வொரு குளிர்காலத்திலும் செத்துப்போகும் ஒரு கைக்குழந்தை, இதுதான் அநாதை வாழ்க்கை என்று. அவன் கொலைகாரன், சந்தேகமில்லை. ஆனாலும் நான் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஹாஸ்டலில் போர்வைக்குள்ளிருந்து எலக்ட்ரிகல் நண்பன் சொன்னது இதைத்தானே? அவன் சிரிப்புக்குச் சொன்னான் என்று நினைத்தோம். அப்பா இல்லாத பையன் அவன். விடுமுறை நாள்களில் கல்யாண மண்டபங்களில் சீரியல் லைட் கட்டப் போய்த்தான் பரீட்சைப் பணம் கட்டுகிறான்.

அந்தப் படத்தில் செலினா என்ற பெண்ணும் பேட்மேனிடம் சொல்வாள், நீ யாரோ தெரியாது, ஆனால் பணக்கார வீட்டில் வளர்ந்தவன் என்று மட்டும் தெரிகிறது என்று. முகமூடிக்குள் இருந்தும் பிடிபட்டுவிடுகிறார்! முடிவில் ரிட்லரின் ஆள் ஒருவனைப் பிடித்து நீ யார் என்று கேட்கும்போது, பேட்மேன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் அதே வார்த்தையை அவன் திருப்பிச் சொல்கிறான், 'பழி' என்று. அதன் பிறகு பேட்மேன் யாரையும் அடிப்பதில்லை. வெள்ளம் புகுந்த மண்டபத்தில் தீவட்டியைப் பிடித்துக்கொண்டு, சிக்கிக்கொண்ட ஜனங்களுக்கு முன்னால் நடந்து வழி காட்டுகிறார். அறுபது வருஷப் படங்களில் பணத்தைப் பற்றி பேட்மேனையே நிற்கவைத்துக் கேள்வி கேட்டது இந்தப் படம்தான் என்பது என் கட்சி. கட்டுமானத்தில் நோலனுக்குத்தான் என் மார்க். ஆனால் திரும்ப ஒருமுறை பார் என்றால் ரீவ்ஸ் படத்தைத்தான் போடுவேன்.

பில் ஃபிங்கரை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே! 1989 படத்தின் டைட்டிலில் உருவாக்கியவர் பாப் கேன் என்றுதான் இருக்கும். 2015-ல்தான் கம்பெனி ஒப்புக்கொண்டு ஃபிங்கரின் பெயரையும் சேர்ப்பதாக அறிவித்தது. 2016-ல் ஸ்னைடர் படத்தில் அந்தப் பெயர் திரையில் வந்தது. எழுபத்தேழு வருஷம் கழித்து! ஸ்னைடர் படம் பிடிக்காவிட்டாலும் அந்த டைட்டிலுக்காக ஒருமுறை பாருங்கள்.

இதையும் அப்பாவிடம் சொன்னேன். அவர் கட்டிய பஸ்களில் முதலாளி பெயர் இருக்கும், பட்டறை பெயர் இருக்கும், சாமி பெயர் இருக்கும். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உள் தகடு அடிக்கறதுக்கு முன்னாடி நாங்க சாக்பீஸ்ல பேரு எழுதிப்போடுவோம் சாமி. எவனாச்சும் என்னிக்காவது பிரிச்சா தெரியட்டும்னு" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை.

பரீட்சை முடிந்து ஊருக்குப் போனதும் ரீவ்ஸ் படத்தை அவருக்குப் போட்டுக் காட்டலாம் என்று இருக்கிறேன். எலக்ட்ரிகல் நண்பனையும் கூட்டிப் போகிறேன். ரிட்லர் பேசுவதை அவன் கேட்கட்டும். அப்பாவைப் பொறுத்தவரை, பின்னால் எஞ்சின் வைத்த வண்டிக்கு ரேடியேட்டர் எங்கே என்றுதான் முதல் கேள்வி வரும்.